யாரும் அடுக்காமலே அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுகள்

கேள்வி: கரிம மூலக்கூறுகளை ஒரு பரப்பில் விட்டால் தாமாகவே நானோ அளவில் வலை பின்னிக்கொள்ளும் என்கிறார்களே, யாரும் கைவைக்காமல் எப்படி?

பதில்: மூலக்கூறின் வடிவத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ட்ரைமெசிக் அமிலத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பென்சீன் வளையம், 120 பாகைக்கு ஒன்றாக மூன்று கார்பாக்சில் (COOH) தொகுதிகள். இதன் கரைசலில் ஒரு சொட்டை கிராஃபைட் மேல் விட்டால், மூலக்கூறுகள் பரப்பில் தட்டையாகப் படுத்து, பக்கத்து மூலக்கூறின் கார்பாக்சிலோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஆறு சேர்ந்தால் ஓர் அறுகோணம், அப்படியே பரவினால் தேன்கூடு. ஒவ்வொரு துளையும் சுமார் 1 நானோமீட்டர்தான், ஆனாலும் அதற்குள் 60 கார்பன் அணுக்களாலான ஒரு C60 பந்து சௌகரியமாக உட்காரும்.

சரி, தப்பாக ஒட்டிக்கொண்டால்? எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, அதனால் வெப்ப அசைவில் தப்பாகச் சேர்ந்தது பிரிந்து, நகர்ந்து, மறுபடி சரியான இடத்தில் சேர வாய்ப்பு கிடைக்கிறது. பிணைப்பு வலுவாக இருந்தாலோ, பரப்பு மிகவும் குளிர்ந்திருந்தாலோ விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஒழுங்கு வராது.

பரப்புக்கும் பங்கு உண்டு. தங்கத்தின் மேல், ஒரு முனையில் கந்தகம் கொண்ட தயோல் மூலக்கூறுகளை விட்டால் கந்தக முனை உலோகத்தைப் பிடித்துக்கொள்ள, நீண்ட சங்கிலிகள் ஒரே பக்கம் சுமார் 30 பாகை சாய்ந்து நெருக்கமாக நிற்கும்.

இதையெல்லாம் பார்க்க உதவுவது 1981-ல் கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்ற இயற்பியலாளர்கள் உருவாக்கிய ஊடுருவல் மின்னோட்ட நுண்ணோக்கி (STM); கூரிய ஊசிமுனையால் பரப்பை வருடி அணு அளவில் படம் காட்டும் கருவி. 1986-ல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.