கோச்சிங் இல்லாமல் நுழைவுத் தேர்வு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. கோச்சிங் வகுப்புக்குக் கட்ட வீட்டில் பணம் இல்லை, நண்பர்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். தினமும் நான்கு மணி நேரம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போடுகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. மாதிரித் தேர்வு எழுதினால் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. தனியாகப் படித்துத் தேற முடியுமா?

பதில்: முடியும் தம்பி. ஆனால் படிக்கிற முறையை மாற்ற வேண்டும். தினமும் நான்கு மணி நேரம் உட்காருகிறீர்கள் என்றால் உழைப்பில் ஒரு குறையும் இல்லை, அந்த நேரம் போகிற இடத்தில்தான் கோளாறு.

புத்தகம் திறந்திருக்கும்போது ஒரே வரியை நான்காவது தடவை பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதை எல்லாம் தெரிந்துவிட்டது என்று மனசு எடுத்துக்கொள்ளும், தேர்வில் புத்தகம் இல்லாதபோதுதான் உண்மை தெரியவரும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களை ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்க வைத்தார்கள், இன்னொரு பகுதியை ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்ததுதான் கொஞ்சம் கூடுதலாக நினைவில் இருந்தது, 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் போனதும் அப்படியே தலைகீழ்: இரண்டு தடவை படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வரப்போவதில்லையே.

அதனால் இன்றிலிருந்து பாதி நேரமாவது புத்தகம் மூடியிருக்கட்டும். ஒரு பகுதியை ஒழுங்காக ஒரு தடவை படியுங்கள், மூடி வையுங்கள், வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள், சூத்திரம், படம், காரணம் எதுவானாலும் சரி. அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம். முதல் இரண்டு வாரம் இது எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியவில்லையே என்று தோன்றும். விட்டுவிடாதீர்கள், யோசித்து யோசித்து வெளியே இழுக்கிற அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் மனசில் பதிகிறது.

கோச்சிங்கில் கிடைப்பதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கால அட்டவணை, வாராவாரம் தேர்வு, தப்பைச் சுட்டிக்காட்ட ஒரு ஆள், பெரும்பாலும் இவ்வளவுதான். முதல் இரண்டை நீங்களே செய்துகொள்ளலாம். மூன்றாவதுக்குப் பள்ளி ஆசிரியரைப் பிடியுங்கள், கூச்சமே வேண்டாம். "இந்தப் பாடம் புரியவில்லை சார்" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வாரம் முழுக்க வருகிற சந்தேகங்களை ஒரு தாளில் சேர்த்துக்கொண்டு போய் ஒரே தடவையில் கேளுங்கள்.

பழைய வினாத்தாள்களைக் கடைசி மாதத்துக்கு என்று எடுத்து வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பாடத்திட்டத்தையும் பழைய தாள்களையும் முதல் நாளே கையில் எடுங்கள். எந்தப் பாடத்திலிருந்து எவ்வளவு கேட்கிறார்கள், எப்படித் திருப்பிக் கேட்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் பார்க்காமல் வையுங்கள். அவற்றைத் தேர்வு நேரத்திலேயே, கடிகாரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் எழுத வேண்டும்.

ஒரு தனி நோட்டுப் போடுங்கள், தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்: தெரியவே தெரியாது, தெரிந்தது மறந்துவிட்டது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், கணக்கில் சறுக்கினேன், நேரம் போதவில்லை. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதே கேள்வியை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து விடையைப் பார்க்காமல் போடுங்கள். மனிதர்களுக்குப் படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டார், முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. மறப்பது உங்களுக்கு மட்டும் இருக்கிற குறை என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகித்துப் போடுவதா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகள், சரிக்கு 4, தப்புக்கு 1 குறைப்பு என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு, மிஞ்சுவது 1. இரண்டு விடைகளை நிச்சயமாகத் தள்ள முடிந்தால், அப்படிப்பட்ட இரண்டு கேள்வியில் ஒன்று சரி ஒன்று தப்பு என்று 3 மிஞ்சும். அதனால் ஒரு விடையையாவது தள்ள முடிந்தால் போடுங்கள். எதையும் தள்ள முடியவில்லையா, அதில் நிமிடக்கணக்கில் உட்காராமல் அடுத்ததுக்குப் போங்கள். குறைப்பு விகிதம் தேர்வுக்குத் தேர்வு மாறும், உங்கள் விதிமுறையைப் படித்துவிட்டு இதே கணக்கை ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் கைபேசியில் இலவச வீடியோ பார்த்தே படிக்கிறாள். அது படிப்பாகுமா? ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிறாள்.

பதில்: வீடியோ நல்லதுதான் அம்மா, புரியாத இடத்துக்கு மட்டும் பார்த்தால். ஆசிரியர் கணக்கைத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, தானே போட்டுப் பார்த்த பிறகு மீதியை ஓட்டச் சொல்லுங்கள். பேனா கையில் இல்லாமல் மூன்று மணி நேரம் பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பதுதான். முழுத் தேர்வு எழுதிப் பார்க்கிற நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம் அந்த ஒரு மணி வேண்டவே வேண்டாம். பகலில் படித்தது மனசில் தங்குவதே தூக்கத்தில்தான், தேர்வும் காலையில் என்றால் இப்போதிருந்தே காலையில் எழுந்து பழகட்டும்.