வண்டி நிக்கும், சாமான் நிக்காது

வேலூர் கொணவட்டத்தில் ஷெட் போட்டு, வேலைக்குப் போகிற வேன்களுக்கு உள்வேலை செய்து கொடுக்கிறேன். ரேக், கிரில், பெட்டி, கொக்கி எல்லாம். ஷெட்டுக்கு வந்தவர்கள் கேட்டது, போனில் கேட்டது, எழுதிக் கேட்டது என்று நிறையச் சேர்ந்துவிட்டது. அடிக்கடி வருகிற சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடி, ஏசி மெக்கானிக்: "அண்ணா, பழைய ஆம்னியில பின்சீட்டைக் கழட்டிட்டு டூல்ஸ் வெச்சிருக்கேன். டவுனுக்குள்ளதான் ஓட்டறேன், நாப்பதைத் தாண்டறதில்ல. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கிரில் அவசியமா?"

அவசியம் தம்பி. நானும் ஒரு காலத்தில் உன்னை மாதிரிதான் நினைத்தேன். விரிஞ்சிபுரம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆடும் பிழைத்தது. ஆனால் வண்டியின் கடைசியில் கோணியில் சுற்றி வைத்திருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 18 கிலோ பெஞ்ச் வைஸ் நிற்கவில்லை. வெறும் தகரத் தரை, அதன் மேல் கோணி. ஏழடி வழுக்கிக்கொண்டு வந்து என் சீட்டின் முதுகில் இடித்தது. சீட்டுக்குள் இருக்கிற பைப் ஃபிரேம் உள்ளே வளைந்து, ரெக்சின் கிழிந்து, நாலு விரல் போகிற அளவுக்குக் குழி. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் ஷெட்டில் வைத்திருக்கிறேன். கிரில் வேண்டாம் என்று சொல்கிறவர்களை அதில்தான் உட்காரச் சொல்வேன்.

இது வெறும் பிரேக்கில் நடந்தது. மோதியிருந்தால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கிற சாமான் அதே 50 வேகத்தில் முன்னால் வரும். 32 அடி உயரத் தென்னையிலிருந்து கீழே விழுகிற பொருளுக்கு இருக்கும் வேகம் அது. நீ சொல்கிற 40-க்குக் கணக்குப் போட்டால் 20 அடி. தென்னை மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்க யோசிக்கிறோம். கம்ப்ரசரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட மட்டும் யோசிப்பதில்லை.

கிரில்லை ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் ஃபிரேம் போட்டுச் செய்யச் சொல். சின்ன ஸ்பேனர்கூட நுழையாத அளவுக்கு வெல்ட் மெஷ் வேண்டும். இரண்டு பக்கத் தூண்களிலும் பிளேட் கொடுத்து போல்ட் போட வேண்டும். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டையிலேயே கிரில்லை மாட்டுகிற கெட்டிக்காரர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. இன்னொன்று, பின்சீட்டைக் கழற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் மாற்றினாயா? மாற்றாவிட்டால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

குடியாத்தம், ஆசாரி: "கொக்கி எல்லாம் செல்ஃப் ஸ்க்ரூ போட்டு மாட்டினேன், ரெண்டே மாசத்துல பிடுங்கிட்டு வந்துடுச்சு."

வரத்தான் செய்யும். வேன் தரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஸ்க்ரூவின் ஒரு மரைகூட முழுசாகப் பிடிப்பதில்லை. ஓட்டை போட்டு முழு போல்ட் விட்டு, கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலப் பிளேட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் போடுங்கள். சாதா நட் நம்ம ரோட்டு ஆட்டத்துக்குக் கழன்றுவிடும். டிரில்லை எடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எல்லாம் அந்தத் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன. ஓட்டை போட்ட இடத்தில் ரெட் ஆக்சைடு அடிக்க மறந்தால், இரண்டு மழைக்குள் துருப் பிடித்துவிடும்.

போளூர், வெல்டர்: "சின்ன யானையில (டாடா ஏஸ்) ஆக்சிஜனும் டி.ஏ.வும் (அசிட்டிலீன் கேஸ்) படுக்க வெச்சுத்தான் எடுத்துட்டுப் போறேன். உருளாம இருக்க ரெண்டு பக்கமும் கல்லு வெச்சுடுவேன். போதுமா?"

கல்லைத் தூக்கிப் போடுங்கள். மெரூன் கலர் டி.ஏ. சிலிண்டரை எப்போதும் நிற்க வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். அதில் கேஸ் வெறுமனே அடைத்து வைக்கப்படவில்லை. உள்ளே இருக்கிற அசிட்டோனில் கரைந்து இருக்கிறது. படுக்க வைத்துவிட்டு உடனே திறந்தால் கேஸோடு அசிட்டோனும் வெளியே வந்து ரெகுலேட்டரைக் கெடுக்கும். தவறிப் படுத்துவிட்டால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ பிரஷர். கீழே விழுந்து வால்வு ஒடிந்தால் சிலிண்டர் ராக்கெட்தான். ஆகவே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைத் திருகிவிட்டு ஏற்றுங்கள். முன்பக்கத் தடுப்பை ஒட்டி ஒரு ஆங்கிள் ஃபிரேம் அடித்து, இடுப்பு உயரத்தில் ஒரு செயின், தோள் உயரத்தில் ஒரு செயின். ஒற்றைச் செயின் போட்டால் அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆக்சிஜன் வால்வில் கிரீஸ், எண்ணெய்க் கை படக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் சிலிண்டரை இறக்குகிற ஹெல்பர் பையனுக்குத் தெரியுமா? மூடின வேனில் இவற்றை ஏற்றவே வேண்டாம். திறந்த வண்டி இருக்கும்போது எதற்கு வம்பு?

ஜோலார்பேட்டை, மோட்டார் மெக்கானிக்: "ஏலகிரிக்கு அடிக்கடி சப்மெர்சிபிள் மோட்டார் ஏத்திட்டுப் போறேன். ராட்செட் பெல்ட்டு போட்டு இறுக்கித்தான் கட்டறேன், மேல போய்ப் பார்த்தா லூசா இருக்குது. பெல்ட்டு டூப்ளிகேட்டா?"

பெல்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். பெல்ட் என்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்றைச் செய்யாமல் இருந்திருப்பீர்கள்.

முதலில் தரை. இரும்புத் தரையில் இரும்பு சாமான் வைத்தால் சோப்பு மேல் சோப்பு வைத்த மாதிரி. ரப்பர் விரித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இதற்கென்று விற்கிற விலையுயர்ந்த மேட் எதுவும் வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் விரிக்கிறோமே, கனமான கவ் மேட், அதுவே போதும். என் ஷெட்டில் வருகிற பாதி வண்டிகளுக்கு அதைத்தான் வெட்டிப் போடுகிறேன். மாட்டுக்கே வழுக்காதது மோட்டாருக்கா வழுக்கப் போகிறது?

அடுத்தது இடைவெளி. மோட்டாரை நீளவாக்கில் படுக்க வைத்து, அதன் முனை முன் தடுப்பில் இடிக்கிற மாதிரி தள்ளி வையுங்கள். ஒட்டி இருக்கிற பொருள் ஓடி வந்து இடிக்காது. ஒரு சாண் இடைவெளி விட்டாலும் அந்த ஒரு சாணுக்குள் வேகம் பிடித்துவிடும். இடைவெளி இருந்தால் பழைய டயர், கட்டை, மண் மூட்டை என்று எதையாவது அடைத்து நிரப்புங்கள்.

மூன்றாவது, உருளுகிற பொருளுக்கு ஆப்பு. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் லோடு வளைவுக்கு வெளிப்பக்கம்தான் தள்ளும். மோட்டாரோ உருளை. இரண்டு பக்கமும் மரக்கட்டையைச் சரிவாக இழைத்து, தரைப் பலகையில் ஆணி அடித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் பெல்ட். தாழ்ந்த பொருளின் மேல் குறுக்கே பெல்ட் போட்டால் அது கிட்டத்தட்டப் படுத்த மாதிரி ஓடும். அப்படி ஓடுகிற பெல்ட் கீழ்நோக்கி அழுத்துவதில்லை, எவ்வளவு இறுக்கினாலும் வீண். தாழ்ந்த பொருளென்றால் நாலு மூலையிலிருந்தும் தனித்தனியாக இழுத்துக் கட்டுங்கள். ராட்செட் உருளையில் பெல்ட் இரண்டு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். கூர்மையான முனையில் உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் டயர் துண்டை வையுங்கள். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஒட்டாதீர்கள். முடிச்சில் பாதி பலம் போய்விடும். வெயிலில் வெளுத்து, ஓரம் பஞ்சு பஞ்சாக வந்த பெல்ட் ஆட்டுக்குட்டி கட்டத்தான் லாயக்கு.

எவ்வளவு கச்சிதமாகக் கட்டினாலும் முதல் சில கிலோமீட்டரில் லோடு உட்காரும், பெல்ட் தளரும். மலை ஏறுவதற்கு முன்னால் பொன்னேரியில் எப்படியும் டீக்கு நிறுத்துவீர்கள். கிளாஸைக் கையில் வாங்குவதற்கு முன் ராட்செட்டை இரண்டு பல் தட்டிவிட்டு வாருங்கள்.

ஆரணி, சமையல் கான்ட்ராக்டர்: "அண்டா, குண்டா, கொப்பரை, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் ஒரே லோடுல போகுது. நம்ம பசங்க நாலு பேர் மேல உக்காந்து பிடிச்சுக்குவாங்க. அதனால கட்டறதில்ல."

ஐயா, மற்ற கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் எழுதினேன். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் பசங்கள், கையில் அண்டாவின் காது. பிரேக் போட்டால் அவர்கள் அண்டாவைப் பிடிப்பார்களா, தங்களைப் பிடித்துக்கொள்வார்களா? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்களைப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அனுப்புங்கள், அந்தச் செலவை பந்தி விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நடுவில் கோணி வைத்து, காதுகள் வழியே கயிறு கோத்துக் கட்டுங்கள். எண்ணெய் டின், அரிசி மூட்டை போன்ற கனம் எல்லாம் தரையில், முன்பக்கம். 19 கிலோ சிலிண்டர்கள் நின்றபடி, ஒன்றோடொன்று ஒட்டி, சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் தார்ப்பாயை நாலு பக்கமும் அடியில் செருகி மூடாதீர்கள்.

ஆம்பூர், பிளம்பர்: "20 அடி பைப்பு பின்னாடி நீட்டிட்டு இருக்கும், சிவப்புத் துணி கட்டிட்டாப் போதும்தானே?"

போதாது. சின்ன யானையின் தொட்டி ஏழடிதான். மிச்சம் 13 அடி நீட்டிக்கொண்டு போகும். மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் இதற்கு 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, இறக்கி வைக்கிற கூலி தனி. அபராதத்தை விடுங்கள், பின்னால் பைக்கில் வருகிறவன் கண் உயரத்தில் அந்தப் பைப் முனை இருக்கும். கடையிலேயே பாதியாக வெட்டி, சைட்டில் கப்ளர் போட்டுக்கொள்ளுங்கள். முழு பைப்தான் வேண்டுமென்றால் நீள வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

வாலாஜாபேட்டை, எலக்ட்ரீஷியன்: "கார்ட்லெஸ் டிரில், பேட்டரி எல்லாம் ராத்திரி வேன்லயே விட்டுடறேன். பூட்டு நல்ல பூட்டுதான்."

பூட்டு நல்லதாக இருக்கலாம். அது தொங்குகிற தாழ்ப்பாள்? வெளியிலிருந்து திருகிக் கழற்றக்கூடிய ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால் திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். உள்பக்கம் நட் வருகிற போல்ட் போட்டு, தலையை வெல்ட் வைத்துவிடுங்கள். மெஷின்களின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்தால் ஸ்டேஷனில் புகார் எழுத உதவும்.

பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பகலிலும் அதை வண்டியில் விடாதீர்கள். கத்திரி வெயிலில் நம்மூர் 40 டிகிரியைத் தாண்டும், மூடின வேனுக்குள் அதைவிட எவ்வளவோ கூடும். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. போன மே மாதம் ஒருவர் கொண்டுவந்த பேட்டரி உப்பி, பெட்டியின் குழியிலிருந்து வெளியே எடுக்க வரவில்லை. பெட்டியையே அறுத்துத்தான் எடுத்தோம்.