கட்டுத்தறி பக்கத்து சுவர் மட்டும் ஏங்க உதிருது?

காங்கயம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். தாத்தா காலத்து தொட்டிக்கட்டு வீடு (நடுவுல திறந்த முற்றம், அதான் தொட்டி), பின்சுவர ஒட்டி சாய்ப்பு இறக்கி கட்டுத்தறி, அதாவது மாட்டுத் தொழுவம், இப்ப மாடு இல்ல, ஆனா அந்த சுவர்ல மட்டும் இடுப்பு உயரத்துக்கு பூச்சு உதிருது, ரெண்டு தடவ சிமெண்ட் பூசியும் நிக்கல, கொத்தனார் கட்டுத்தறிய இடிச்சுட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து மறுபடி பூசலாங்கறார், பூசலாமான்னு.

வேண்டாங்க, அதுவும் விழும்.

மழத்தண்ணின்னா மத்த சுவர்லயும் தெரியணுமே. இது கோமியமும் சாணித்தண்ணியும் வருஷக்கணக்கா மண்ணுல இறங்கி, அந்த நைட்ரேட் உப்பு ஈரத்தோட செங்கல் வழியா மேல ஏறினது. (அந்தக் காலத்துல வெடியுப்பு எடுத்ததே இந்த மாதிரி தொழுவத்து மண்ணுல இருந்துதான்.) மாடு போனாலும் உப்பு போகாது, ஐப்பசி கார்த்திகைல காத்துல இருக்கற ஈரத்த இழுத்து சுவர் வேர்த்த மாதிரி நிக்கும், பங்குனில காஞ்சு வெள்ளையா பூத்து பூச்ச தள்ளிடும். மேல சிமெண்ட் பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம இன்னும் உயரத்துக்கு ஏறும், பேந்து விழறப்ப பழைய செங்கலோட முகத்தையும் பிச்சுகிட்டு வரும்.

சிமெண்ட்ட முழுசா கொத்தி எடுத்துட்டு கோடை முழுக்க சுவர சும்மா காய விடுங்க. பூக்கற உப்ப காஞ்ச பிரஷ்ல தட்டி அள்ளி தூரமா கொட்டுங்க, தண்ணி ஊத்தி கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். கட்டுத்தறி தரை சாணியும் மண்ணுமா ஏறி வீட்டுத் தரைய விட ஒசந்திருக்கும், அத வெட்டி இறக்கி வெளிப்பக்கமா வாட்டம் குடுங்க, வெட்டின மண்ண தென்னைக்கு போட்டுக்கலாம். தொட்டியில விழற மழத்தண்ணி வெளிய போற தூம்பு அடைச்சிருக்கான்னும் பாத்துருங்க.

அப்புறம் சுண்ணாம்பு பூச்சு. ஒண்ணுக்கு மூணு மணல், நல்லா நீத்த சுண்ணாம்பு, கடுக்கா வெல்லத்தண்ணி சேக்கத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா ரொம்ப நல்லது, மெல்லிசா ரெண்டு கோட், மேல வெறும் சுண்ணாம்பு வெள்ளை மட்டும், புட்டி, எமல்ஷன் பெயிண்ட் எதுவும் வேண்டாம். இதுவும் சில வருஷத்துல உதிரும்ங்க, சொல்லிடறேன். உப்ப தனக்குள்ள வாங்கிகிட்டு செங்கல காப்பாத்தறதுதான் அதோட வேலையே, உதிர்ந்த இடத்துல மட்டும் திரும்ப பூசுனா போதும்.

கட்டுத்தறிய இடிக்காதீங்க, அந்த சுவருக்கு சாரல் அடிக்காம இருக்கறதே அந்த சாய்ப்பாலதான். ரூமா மாத்தணும்னாலும் அந்த சுவர்ல டைல்ஸ் ஒட்டாதீங்க, சுவருக்குள்ள போற பனங்கை (கூரை தாங்கற பனமரச் சட்டம்) நுனிய மட்டும் கம்பியால குத்திப் பாருங்க, இத்துப்போறது முதல்ல அங்கதான் ஆரம்பிக்கும்.