ராணி இருந்தும் மேட் ஆகவில்லையா? அது பக் இல்லை

காட்பாடி தம்பி, அட்டாமிக் செஸ்ஸில் ராணி கையில் இருந்தும் எதிராளி ராஜா உங்கள் ராஜாவை ஒட்டி நின்றதால் செக்கே விழவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, விதியே அதுதான். 1995இல் ஜெர்மன் இணையச் சதுரங்க சர்வரில் தொடங்கிய ஆட்டம் இது. வெட்டினால் அந்தக் கட்டமும் சுற்றியுள்ள எட்டும் வெடிக்கும். பக்கத்துச் சிப்பாய் மட்டும் தப்பும். ராஜாக்கள் ஒட்டியிருக்கும்போது நீங்கள் அவனுடைய ராஜாவை வெட்டினால் உங்களுடையதும் போகும், அதனால் செக் செல்லாது. கோட்டைக்கு அகழி மாதிரி அவனுக்கு உங்கள் ராஜா!

ஒட்டிய பிறகு பிரிப்பது பெரும்பாடு. முன்பே தடுங்கள். உங்கள் ராஜா முதல் வரிசையில், அவனுடையது ஐந்தாவதில் என்றால் யானையை நான்காவது வரிசையில் வையுங்கள், தாண்ட முடியாது. வெட்டினால் தானும் வெடித்துவிடும் என்பதால் ராஜா எதையும் வெட்டக்கூடாது, அதனால் யானைக்குக் காவலே வேண்டாம். பிறகு ராணியை ஐந்தாவதில் வைத்து செக் சொல்லி, ஒவ்வொரு வரிசையாக மேலே தள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டால், விலகுவதைத் தவிர வேறு நகர்வு இல்லாதபடி அவனை நெருக்க வேண்டும். அவனிடம் நகரக்கூடிய சிப்பாய் ஒன்று இருந்தாலும் இது பலிக்காது, முதலில் அதை மறித்துவிடுங்கள். எல்லாக் கட்டத்தையும் அடைத்துவிட்டால் ஸ்டேல்மேட், டிரா.