வாசகர் கேள்வி பதில்: இன்ஜின் மாற்றிய காரை டிராக்கில் இறக்கும்போது

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஹோண்டா கே24 இன்ஜினைப் பொருத்தி ஓராண்டாகச் சாலையில் ஓட்டுகிறேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதம் முதல் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்). ஆயில் விஷயத்தில் கூடுதலாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: சாலையில் ஓராண்டு ஓடியதை டிராக்குக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது சில நொடிகள்தான். டிராக்கில் பதினைந்து, இருபது நிமிடம் அதுதான் வேலை. வளைவில் கார் 1 ஜி (புவியீர்ப்பு அளவு) விசையைத் தொட்டால், சம்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) இருக்கும் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். அப்போது ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய் ஆயிலுக்கு வெளியே வந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். கனெக்டிங் ராட் பேரிங் தேய அப்படிச் சில நொடிகள் போதும்.

உங்கள் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோண்டா இந்த இன்ஜினைக் காரின் குறுக்கே உட்காரும்படி வடிவமைத்தது. எம்எக்ஸ்-5-ல் அது நெடுக்காக நிற்கிறது. குறுக்கே இருந்தபோது பிரேக் பிடித்தால் ஆயில் இன்ஜினின் பக்கவாட்டில் மோதும். வளைவில் திரும்பினால் முனையை நோக்கி ஓடும். நெடுக்காகத் திருப்பியதும் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆகவே நீங்கள் மாற்றிப் போட்டிருக்கும் சம்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பிக்கப்பைச் சுற்றி நான்கு பக்கமும் தடுப்பு இருக்க வேண்டும். அந்தத் தடுப்புகளில் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வந்த ஆயில் வெளியே ஓடாது. வெறும் பெட்டியாக இருந்தால் அதோடு டிராக்கில் இறங்க வேண்டாம். கே24-ன் பல வகைகளில் ஆயில் பம்போடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டும் சேர்ந்தே வரும். அது அதிகச் சுழற்சிக்கு ஏற்றதல்ல. ரெவ் லிமிட்டை (இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பை) 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் உயர்த்த நினைத்தால், முதலில் பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத கே20 டைப்-எஸ் பம்புக்கு மாறிவிடுங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பாதீர்கள். ஆயில் பிரஷர் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) இறங்கிய பிறகுதான் அது எரியும். அதற்குள் சேதம் ஆகியிருக்கும். தனி பிரஷர் கேஜும், 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எரியும் பெரிய விளக்கும் வையுங்கள். ஆயில் சூடான நிலையில் ஒவ்வோர் ஆயிரம் ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றும் உதவும். நீளமான வளைவில் முள் ஒரு கணம் சரிந்து எழுந்தால் அது கேஜின் கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பிட்டுக்கு (டிராக் ஓரம் கார்கள் நிற்கும் இடத்துக்கு) திரும்புங்கள். ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டினாலும் அப்படியே.

அன்றைய ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருந்து அது காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பேரிங்தான். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை, இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்கிலேயே விட்டிருந்தால் ஒரு கேட்ச் கேன் (அந்த ஆவியோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) வையுங்கள். இரண்டு லிட்டர் கொள்ளளவு போதும். இல்லையென்றால் வளைவுக்கு வளைவு நீலப் புகை கிளம்பும், கொடி காட்டி வெளியே அழைத்துவிடுவார்கள்.

கேள்வி: டெம்பரேச்சர் கேஜ் கடைசிவரை நடுவிலேயே நின்றது. ஆனால் பிட்டுக்கு வந்தபோது கூலன்ட் பொங்கி வழிந்திருந்தது. கேஜ் பழுதா?

பதில்: கேஜ் சரியாகவே இருக்கலாம். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவு காட்டும். காற்றுக்குமிழியிலோ ஆவியிலோ நின்றால் முள் அசையாது, சில சமயம் இறங்கவும் செய்யும். இன்ஜின் மாற்றிய கார்களில் இது சகஜம். ரேடியேட்டர் பழைய உயரத்திலேயே இருக்கும். புதிய இன்ஜினின் மேற்பகுதியான ஹெட் அதைவிட மேலே இருக்கும். காற்று அங்கேதான் தங்கும். கூலன்ட் குழாய் இணைப்பின் மிக உயரமான இடத்தில் காற்று எடுக்கும் திருகு ஒன்றைப் பொருத்துங்கள், அல்லது அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு விடுங்கள். அந்த டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

ஹீட்டர் ஹோஸ்களை அடைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் நுழையும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து ரேடியேட்டர் நீரை விடும் வால்வு) இருக்கும் இன்ஜின்களில், ஹீட்டர் வழியே சுற்றி வரும் சூடான நீரை வைத்துத்தான் அது திறக்கும். அந்த வழியை அடைத்தால் தாமதமாகத் திறக்கும். இரு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவது நல்லது.

பிறகு காற்று. ரேடியேட்டரைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியே நழுவிவிடும். ஸ்பாஞ்சும் அலுமினியத் தகடும் வைத்து நான்கு பக்கமும் அடையுங்கள். பெரிய ரேடியேட்டருக்குச் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். கார் நின்றிருக்கும்போதும் மெதுவாகப் போகும்போதும்தான் ஃபேன் உதவும். வேகத்தில் அதன் மூடியே காற்றை மறிக்கும். மூடியில் வேகக் காற்றுக்குத் திறந்துகொள்ளும் ரப்பர் மடிப்புகள் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பல டிராக்குகளில் கிளைகால் (உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்த கூலன்டுக்கு அனுமதி இல்லை. அது சிந்தினால் தார் வழுக்கும், கழுவினாலும் எளிதில் போகாது. வெறும் தண்ணீரோடு துருத் தடுப்பு மருந்து சேர்த்து ஓட்டுங்கள். உறைபனி விழும் இடமென்றால் வீடு திரும்பியதும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான்காவது லேப்பில் பிரேக் போய்விட்டது. பெரிய டிஸ்க் கிட் வாங்க வேண்டுமா?

பதில்: 'போய்விட்டது' என்றால் எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டால், பிரேக் ஃப்ளூயிட் கொதித்துவிட்டது. பெடல் கெட்டியாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் சரியானால் வீல் பேரிங்கில் ஆட்டம். டிஸ்க் ஆடி பிரேக் பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருக்கிறது.

இன்ஜின் மாற்றியவர்களுக்கு மட்டும் நான்காவது ஒன்றும் உண்டு. புதிய இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடியோ (காற்றைக் கட்டுப்படுத்தும் வாயில்) வால்வுகளை இயக்கும் கூர்மையான கேமோ இருந்தால் இன்டேக்கில் வெற்றிடம் குறைந்துவிடும். அந்த வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் பூஸ்டர் உதவாது. இதிலும் பெடல் கல் போல நிற்கும். ஆனால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குளிர்ந்த காரிலும் அப்படியே இருக்கும். பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்களுக்கு ஃப்ளூயிட் கொதித்திருக்கவே வாய்ப்பு அதிகம். வேகம் மணிக்கு 130 கி.மீ.-லிருந்து 160 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. டாட் 4 தரத்தின்படி புதிய ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 தான். கொதிநிலை 300-க்கு மேல் உள்ள பந்தய ஃப்ளூயிட் ஒரு லிட்டர் வாங்கி, பழையதை முழுதும் வெளியேற்றி மாற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5 வேண்டாம். டிராக் பேட் போட்டு, 100-லிருந்து 20 வரை நிற்காமல் பத்து முறை வேகம் குறைத்துப் பழக்குங்கள். இவை போதாமல் போனால் மட்டும் கிட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போதே வலப்பக்க வளைவில் இன்ஜின் இழுக்காமல் இருமுகிறது. பம்ப் பலவீனமா?

பதில்: நேர்பாதையில் இருமவில்லை என்றால் பம்ப் மேல் பழி இல்லை. பெட்ரோல் டேங்கின் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது, பம்ப் காற்றைக் குடிக்கிறது. இப்போதைக்கு முக்கால் டேங்கோடு ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வு சர்ஜ் டேங்க். பழைய பம்ப் அதை நிரப்பும், அதன் அடியிலிருந்து உயரழுத்த பம்ப் இன்ஜினுக்கு அனுப்பும், மிச்சம் மேல் முனை வழியாகப் பெரிய டேங்குக்கே திரும்பும். ஒரு லிட்டர் அளவு போதும். அதைப் பயணிகள் பகுதியில் திறந்து வைக்காதீர்கள். உலோகத் தடுப்புக்கு அப்பால் இருக்கட்டும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்காது. அந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஹோஸும், ஓரம் மடிந்த இன்ஜெக்ஷன் கிளாம்பும் போடுங்கள். முதல் செஷனுக்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதுமா?

பதில்: போதாது. ஸ்னெல் என்ற ஹெல்மெட் தரத்தில் எம் என்று குறித்தது பைக்குக்கானது. காருக்கான எஸ்ஏ வகையில் உள்துணி தீயில் எளிதில் பற்றாது. ஏற்பாட்டாளர்கள் எந்த ஆண்டுத் தரம் வரை ஏற்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செஷன் முடிந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது என்கிறார்கள். ஏன்?

பதில்: கொதிக்கும் டிஸ்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் பேட்டின் உராய்வுப் பொருள் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கார் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான். கடைசி லேப்பை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் குளிரவையுங்கள். பிட்டில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். டயர் காற்றை மட்டும் வந்த சூட்டிலேயே அளக்க வேண்டும். வீல் நட்டுகளை சக்கரம் ஆறிய பிறகு டார்க் ரென்ச்சால் சோதியுங்கள்.