ஸோம்பி வந்தாலும் தேத்தண்ணி: ‘ஷான் ஒஃப் த டெட்’ பார்ப்பது எப்படி

தம்பி, வேலையிடத்தில் எல்லாரும் ‘ஷான் ஒஃப் த டெட்’ என்கிற ஆங்கிலப் பகிடிப்படத்தின் வசனங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நீங்களும் வீட்டில் போட்டுப் பார்த்தீர்கள், பாதியில் நித்திரை வந்துவிட்டது, இதில் அப்படி என்ன பகிடி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துக்கு வந்து ஆறு மாதத்தில் இந்தப் படம் பிடிபடாதது புதினமில்லை. பேய்ப்படம் என்று நினைத்து, ஸோம்பி, அதாவது எழுந்து நடந்து ஆட்களைக் கடிக்கிற பிணம், எப்போது வரும் என்று காத்திருந்திருப்பீர்கள். முதல் அரைமணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் பகிடி முழுவதையும் விதைத்து வைத்திருப்பது அந்த அரைமணியில்தான்.

2004 ஏப்ரலில் வெளிவந்த படம், 99 நிமிடம். எட்கர் ரைட் இயக்கியது, கதை அவரும் சைமன் பெக்கும் எழுதியது. ஷான் 29 வயதில் ஒரு மின்சாமான் கடையில் விற்பனையாளன். லண்டனில் இரண்டு நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கிறான். ஒருத்தன் ஒழுங்கான உத்தியோகக்காரன், மற்றவன் எட் வேலைவெட்டி இல்லாமல் சோஃபாவில் கிடப்பவன். காதலி விட்டுப் போகிறாள், அடுத்த நாள் ஊர் முழுக்க ஸோம்பி. கதை அவ்வளவுதான். ஆரம்ப எழுத்து ஓடும்போது பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களையும் காசாளர் மேசையில் இருப்பவர்களையும் பாருங்கோ. இன்னும் யாரையும் யாரும் கடிக்கவில்லை, ஆனால் அத்தனை பேரும் ஏற்கெனவே செத்த முகத்தோடுதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி ரெயிலில் ஏறியவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன். காது கேளாதோருக்கான ஆங்கில எழுத்தோட்டத்தைப் போடுங்கோ. இவர்கள் வாய்க்குள் கதைப்பார்கள், அதிலும் பின்னணியில் ரி.வி., வானொலி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் ஷான் ரி.வி. சனல்களை மாற்ற மாற்ற, ஒவ்வொரு சனலிலிருந்தும் வருகிற துண்டுகள் சேர்ந்து ஒரே வாக்கியமாகி உண்மைச் செய்தியைச் சொல்லும். எழுத்து இல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல். மொழிமாற்றிய பதிப்பைத் தொடவே வேண்டாம். கைபேசியைத் தள்ளி வைத்து ஒருமுறை முழுவதும் பாருங்கோ. முடிந்த கையோடு முதல் அரைமணியை மட்டும் திரும்பப் போடுங்கோ. இரண்டாவது தரம்தான் சிரிப்பு வரும்.

ஏனென்றால், காதல் முறிந்த இரவில் ‘வின்செஸ்டர்’ என்கிற வழமையான பப்பில் வைத்து எட் அடுத்த நாள் குடிக்கிற திட்டம் ஒன்று சொல்கிறான். காலையில் ஒரு பிளடி மேரி (ஒரு மதுபானம்), பிறகு ‘கிங்ஸ் ஹெட்’ (அரசன் தலை) பப்பில் ஒரு ‘பைட்’ (கடி, கொஞ்சம் சாப்பாடு என்றும் பொருள்), ‘லிட்டில் பிரின்செஸ்’ (குட்டி இளவரசி) பப்பில் ஒரு ‘கப்பிள்’ (இரண்டு, சோடி என்றும் பொருள்), தள்ளாடிக்கொண்டு இங்கேயே திரும்பி வந்து பாரில் ‘ஷொட்ஸ்’ (சின்னக் கிளாஸ் மது, வெடி என்றும் பொருள்). முதல்தரம் பார்க்கையில் வெறும் குடிகாரன் கதை. உண்மையில் மீதிப்படத்தின் கதைச்சுருக்கமே அதுதான். காலையில் தோட்டத்தில் நிற்கிற முதல் ஸோம்பிப் பெண்ணின் பெயர் மேரி. குடும்பத் தலைவர், ஷானின் தாயின் இரண்டாவது கணவர், கடிபடுகிறார். காதலி வீட்டில் ஒரு சோடியைக் கூட்டிப் போகிறார்கள். எல்லாரும் ஸோம்பி மாதிரித் தள்ளாடி நடந்து பப்புக்கு வருகிறார்கள். பாரில் துவக்கு வெடிக்கிறது.

அதேபோல ஷான் மூலைக்கடைக்கு நடந்து போகிற காட்சி இரண்டு தடவை வரும், இரண்டும் வெட்டில்லாத நீளமான ஷொட். முதல் நாள் எல்லாம் வழமைபோல. இரண்டாம் நாள் ஊரே அழிந்து கிடக்கிறது, குளிர்பெட்டிக் கண்ணாடியில் இரத்தக் கை அடையாளம், நிலத்தில் இரத்தம் வழுக்குகிறது. வெறி முறியாத ஷான் ஒன்றையும் கவனிக்காமல் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் நடப்பது லண்டன் பழக்கம். அதைத் தெரிந்தவர்களுக்கு இது மிகைப்படுத்தல் மாதிரியே இருக்காது.

இனி, எங்கள் ஆட்களுக்கு அதிகம் தவறிப்போகிற இடம். இந்தப் படத்தின் உயிர் ஸோம்பி இல்லை, ‘ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது’ என்கிற ஆங்கிலேயர் குணம். தாய் பார்பராவாக பெனலப்பி வில்டன், அவருடைய இரண்டாவது கணவர் பிலிப்பாக பில் நை. யாரோ வீட்டுக்குள் நுழையப் பார்த்தார்கள், கொஞ்சம் கடிக்கிற ஆட்களாக இருந்தார்கள் என்று தாய் தொலைபேசியில் அமைதியாகச் சொல்கிறார். இன்னும் நிற்கிறார்களா என்று மகன் கேட்டால், தெரியாது, திரைச்சீலையை மூடிவிட்டோம் என்கிறார். கடிபட்ட பிலிப், குழாய்த் தண்ணீரில் பிடித்தேன், சரியாகிவிடும் என்கிறார். வைட் தீவுக்குப் போனபோது தடுப்பூசி போட்டோம்தானே என்ற ஆறுதல் பேச்சும் வருகிறது. இங்கேதான் அறை முழுக்கச் சிரிக்கும், நீங்கள் மட்டும் முழிப்பீர்கள். வைட் தீவு இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி இருக்கிற விடுமுறைத் தீவு, போர்ட்ஸ்மவுத்தில் படகேறினால் போகலாம். அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போன குடும்பம் என்றால் எப்படிப்பட்ட குடும்பம் என்று யோசித்துப் பாருங்கோ. பிறகு தாயே கடிபட்டும், மற்றவர்களைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று கடைசிவரை மறைக்கிறார். அந்தக் காட்சியில் சிரிப்பு நின்று தொண்டை அடைக்கும். படத்தில் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுவது அதுதான்.

இந்தக் குணத்தைப் படத்தோடு விடாமல் வேலையிடத்திலும் கவனியுங்கோ. முகாமையாளர் ‘கொஞ்சம் ஏமாற்றம்தான்’ என்றால் விஷயம் பெரிது. ஆனால் டொக்டரிடம் போகும்போது மட்டும் பிலிப்பைப் போலக் குறைத்துச் சொல்லாதேங்கோ. நோவு எவ்வளவோ அவ்வளவையும் சொல்லுங்கோ.

பப் ஏன் பாதுகாப்பான கோட்டை என்பதும் இதற்குள் வருகிறது. படம் தொடங்குவதே, மூட முன் கடைசியாகக் குடிக்க வாங்கச் சொல்லிப் பப்பில் அடிக்கிற மணியோடு. அப்போதைய சட்டப்படி இங்கிலாந்தில் பப்புகள் வார நாட்களில் இரவு 11 மணிக்கு விற்பனையை நிறுத்த வேண்டும். 2005 நவம்பரில்தான் தளர்ந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே வைத்துக் குடிப்பது பெரிய சலுகை. உலகம் அழியும்போது, வின்செஸ்டருக்குப் போய்க் குளிரான ஒரு பைன்ட் பியர் குடித்துக்கொண்டு எல்லாம் ஓயும்வரை இருப்போம் என்பது ஷானின் திட்டம். இதைத்தான் உங்கள் ஆட்கள் ஒவ்வொரு பிரச்சினைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சில சின்ன விஷயங்கள். செய்தி வாசிக்கிற கிருஷ்ணன் குரு-மூர்த்தியும் ஜெரமி தொம்சனும் நிஜச் செய்தியாளர்கள், பகல்நேர ரி.வி. நிகழ்ச்சித் தொகுப்பாளராக வருகிற திரிஷா கொடார்டும் அவரேதான். தோட்டத்தில் ஸோம்பிமேல் எறிய இசைத்தட்டுத் தெரிவு செய்கிற இடத்தில் பாடகர் பிரின்ஸின் ‘பேர்ப்பிள் ரெய்ன்’ தப்பும், அவருடைய ‘பேட்மேன்’ தட்டு பறக்கும்; உயிர் போகிற நேரத்திலும் இரசனைச் சண்டை. தூசணம் நிறைய. நண்பர்களுக்குள் அது பாசம்; அந்த உரிமை உங்களுக்கு வரச் சில வருடம் எடுக்கும், அதுவரை வேலையிடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டாம். 15 வயதுச் சான்றிதழ் படம், கடைசிப் பகுதியில் ஒருத்தரைக் கிழிக்கிற காட்சி இருக்கிறது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதேங்கோ.

இது பிடித்தால் அடுத்து இதே இருவரும் எழுதி 2007இல் வந்த ‘ஹொட் ஃபஸ்’, பிறகு 2013இன் ‘த வேர்ல்ட்ஸ் எண்ட்’. மூன்றிலும் ஒரு கோர்னெட்டோ ஐஸ்கிரீம் தலைகாட்டும், இதில் இரத்தத்துக்கு ஏற்ற ஸ்ட்ரோபெரி. ஷான் குறுக்கு வழி என்று தோட்ட வேலி பாய்கிற இடத்தையும் நன்றாகப் பார்த்து வையுங்கோ, ‘ஹொட் ஃபஸ்’ஸில் அது திரும்ப வரும்.