விளையாட்டு ராஜதந்திரம் என்றால் என்ன?

பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு நாடுகள், ஓர் ஆட்டத்தைச் சாக்காக வைத்து மறுபடி நெருங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

எதிரியிடம் முதலில் பேசுகிற தலைவருக்கு ‘இறங்கிப் போய்விட்டார்’ என்ற பெயர் வரும். ஆட்டம் பார்க்கப் போனால் வராது. எங்கள் கடலூர்ப் பக்கம் வரப்புத் தகராறில் பேச்சை விட்ட பங்காளிகள் உண்டு. மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவர்கள் பிள்ளைகள் ஒரே டீமில் ஆடுவார்கள். ஒரு பையனுக்கு முட்டி பெயர்ந்தால், தண்ணீர் பாட்டில் இந்த அப்பா கையிலிருந்து அந்த அப்பா கைக்குப் போகும். அவ்வளவுதான் தேவை.

1971-ல் ஜப்பானின் நகோயாவில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி. அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். சீன வீரர் சுவாங் செடோங் எழுந்து வந்து அவருக்கு மலைக்காட்சி நெய்த பட்டுத்துணியைக் கொடுத்தார். சில நாட்களில் அமெரிக்க அணி சீனாவில்; 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனே பெய்ஜிங்கில்.

நம் கதை வலிக்கிறது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட்; சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். ஆனாலும் அரங்கமே எழுந்து பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அடுத்த மாதம் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போனார். மே மாதம் கார்கில். 2012-13-க்குப் பிறகு இருதரப்புத் தொடரே நடக்கவில்லை.

ஆட்டமே சமாதானத்தைக் கொண்டுவரும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியல்ல, 1971-ல் சோவியத் மீதிருந்த அச்சத்தால் அமெரிக்க, சீன அரசுகள் இரண்டும் முன்பே நெருங்க விரும்பியிருந்தன.